கொண்டைக்கடலை தின்ற மர்ம நபர்கள்

‘பூட்டியிருந்த வீட்டில் மர்ம நபர்கள் கைவரிசை.’ மாவட்டச் செய்திப் பக்கத்தில் இந்த வரி வராத வாரம் உண்டா? யார் என்று தெரியாது. எத்தனை பேர் என்று தெரியாது. ஆனாலும் ‘மர்ம நபர்கள்’ என்று எழுதியாயிற்று, ‘போலீசார் தேடி வருகின்றனர்’ என்று முடித்தும் ஆயிற்று.

இத்தாலியப் பத்திரிகைகளிலும் இப்படித் தேய்ந்துபோன வரி ஒன்று உண்டு. ‘இ சோலித்தி இக்னோத்தி’ என்று எழுதுவார்கள். ‘வழக்கமான, அடையாளம் தெரியாத ஆட்கள்’ என்று பொருள். அடையாளமே தெரியாதவன் எப்படி வழக்கமானவன் ஆவான்? நமக்குத் தோன்றும் இந்தக் கேள்வி மாரியோ மோனிசெல்லி என்ற இயக்குநருக்கும் தோன்றியிருக்க வேண்டும். 1958-ல் அந்த வரியையே தலைப்பாக வைத்து ஒரு திருட்டுப் படம் எடுத்தார். ஆங்கிலத்தில் ‘பிக் டீல் ஆன் மடோனா ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. ஒரே திட்டத்துக்காக இரண்டு திருடர்கள் அடித்துக்கொள்ளும் கதை. முழுக்க முழுக்கச் சிரிப்புப் படம்.

இத்தாலிக்காரன் படத்துக்கு இந்தப் பக்கத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். காலனித் தெரு ஒன்றில் இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தோம். அன்று இரவு அங்கே சிரித்த இடங்களும் சிரிக்காத இடங்களும்தான் இதை எழுதவைக்கின்றன.

கோடை விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் செய்த ஏற்பாடு அது. சமுதாயக்கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரை ஒரு ஸ்டூல் மேல் வைத்தார்கள். படம் கறுப்பு வெள்ளை, பேச்சு இத்தாலி, கீழே ஓடுவது ஆங்கிலம். எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அதனால் பி.ஏ. படிக்கும் மாணவி ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதிக்கு மேல் அவளாகச் சேர்த்துக்கொண்டது. யாரும் குறை சொல்லவில்லை.

கோசிமோவும் பெப்பேயும்

கோசிமோ என்ற பழைய திருடன் கார் திருடப் போய் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறான். சிறையில் ஆயுள் கைதியாக இருக்கும் ஒரு கொத்தனார் அவன் காதில் ரகசியம் ஒன்றைப் போடுகிறார். ரோம் நகரத்தில் ஓர் அடகுக்கடை இருக்கிறது. அதற்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவரைக் கட்டியவர் அவரேதான். ஒப்புக்குக் கட்டிய சுவர், தட்டினால் விழுந்துவிடும். பக்கத்து வீடோ காலியாகக் கிடக்கிறது. உள்ளே போய்க் கன்னம் வைத்தால் நேராக இரும்புப் பெட்டி.

கோசிமோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே வெளியே வரவேண்டும். அதற்கு ஒரே வழி, ‘அந்தக் காரைத் திருடியது நான்தான்’ என்று வேறொருவன் வந்து ஒப்புக்கொள்வது. காசு கொடுத்தால் கேஸை ஏற்றுக்கொள்ளும் ஆளை அங்கே ‘செம்மறி’ என்கிறார்கள். கூட்டாளிகள் செம்மறி தேடி அலைகிறார்கள். தேடுகிற இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு தடங்கல். கடைசியில் பெப்பே என்ற குத்துச்சண்டைக்காரன் கிடைக்கிறான். மேடையில் அடி வாங்கி விழுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யாதவன். ஆனால் அவன் மேல் பழைய கேஸ் ஏதும் இல்லை. அந்த ஒரு தகுதி போதும் என்று அனுப்பிவைக்கிறார்கள்.

அதிகாரிகள் நம்பவில்லை. விளைவு, இரண்டு பேரும் உள்ளே. தனக்கு மூன்று வருஷம் போட்டுவிட்டார்கள் என்று பெப்பே மூக்கைச் சிந்துகிறான். இரக்கப்பட்ட கோசிமோ, இனி இவன் எங்கே போகப்போகிறான் என்ற தைரியத்தில் அடகுக்கடைத் திட்டத்தை ஒன்று விடாமல் சொல்கிறான். கேட்டு முடித்த பெப்பே, மெல்லத் திரும்பி, தன் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுச் சிறைக் கதவைத் தாண்டி நடக்கிறான். கோசிமோ உள்ளே இருந்து கத்துகிறான். எங்கள் தெருவில் முதல் பெரிய சிரிப்பு இங்கேதான் வந்தது. சின்னப் பிள்ளைகள் எழுந்து குதித்தார்கள்.

இங்கே யார் யாரைத் திருடினார்கள் என்று பாருங்கள். அடகுக்கடையில் ஒரு நூல்கூட இன்னும் குறையவில்லை. கஞ்சிக்கு வழியில்லாத ஒருவனிடமிருந்து கஞ்சிக்கு வழியில்லாத இன்னொருவன் ஒரு சுவரைப் பற்றிய வதந்தியைத் திருடியிருக்கிறான். படம் முழுக்க இவர்கள் அடித்துக்கொள்வது அதற்காகத்தான்.

வெளியே வந்த பெப்பே, கோசிமோவின் கூட்டாளிகளையே சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறான். அந்தக் கூட்டாளிகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திபேரியோ புகைப்படக்காரன். கள்ளச் சிகரெட் விற்றதற்காக அவன் மனைவி சிறையில் இருக்கிறாள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே திருட்டுக்குத் திட்டம் போடுகிறான். பிற்பாடு உலகப் புகழ் பெற்ற மார்செல்லோ மாஸ்த்ரோயான்னிதான் இந்த வேஷம். மாரியோ இருப்பவர்களில் சின்னவன். அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். அவனை வளர்த்த பெண்களுக்குப் பரிசு வாங்கினால் மூன்றாக வாங்குகிறான், அவனுக்கு அம்மா ஒன்றல்ல, மூன்று. மிக்கேலே சிசிலித் தீவுக்காரன். தங்கை கல்யாணத்துக்குச் சீர் சேர்க்க வேண்டும். கப்பனெல்லே பல் போன கிழவன். அவன் வாய் ஓய்ந்து நாம் பார்ப்பதில்லை, எங்கே எது கிடைத்தாலும் தின்றுகொண்டே இருக்கிறான். பெப்பேயாக வருபவர் விட்டோரியோ காஸ்மான். அதுவரை நாடக மேடையில் கம்பீரமான சோக வேஷங்கள் போட்ட பெரிய நடிகர். மோனிசெல்லி அவருடைய மூக்கை மாற்றி, பேச்சில் திக்கல் வைத்து, ஆளையே கலைத்துப்போட்டுவிட்டார்.

இரும்புப் பெட்டியைத் திறக்க இவர்களில் ஒருவனுக்கும் தெரியாது. தாந்தே என்ற பழைய கைகாரரிடம் பாடம் கேட்கப் போகிறார்கள். துணி காயப்போட்டிருக்கும் மொட்டை மாடியில் அவர் வாத்தியார் மாதிரி நடந்துகொண்டே வகுப்பு எடுக்கிறார். தானே திருடினால் மறுபடி உள்ளே போக வேண்டும், அதனால் சொல்லித் தருவதோடு சரி. டோட்டோ என்ற மாபெரும் இத்தாலிய நகைச்சுவை நடிகருக்குப் படத்தில் கிடைத்திருப்பது இந்தச் சின்ன வேஷம்தான். நம் ஊரில் ரிட்டையர் ஆன தலைமையாசிரியர் டியூஷன் எடுப்பதுபோல அப்படி ஒரு மரியாதையோடு எடுக்கிறார். அடகுக்கடைப் பெட்டியை எப்படித் திறக்கிறார்கள் என்று திபேரியோ தூரத்திலிருந்து கேமராவில் பிடித்துவந்து போட்டுக் காட்டுகிறான். சரியான நேரத்தில் யாருடைய வீட்டுத் துணியோ குறுக்கே வந்து மறைக்கிறது.

கோசிமோ சும்மா இருப்பானா? விடுதலையாகி வெளியே வருகிறான். பெப்பேயோடு சேர மாட்டான். என் திட்டத்தைத் திருடியவனிடம் நான் கூலிக்கு இருப்பதா என்று அவனுக்கு ரோஷம். தனியாகவே அதே அடகுக்கடைக்குள் துப்பாக்கியோடு நுழைகிறான். கவுன்டருக்குப் பின்னால் இருக்கும் குமாஸ்தாவிடம் துப்பாக்கியை நீட்டுகிறான். குமாஸ்தா பதறவில்லை. துப்பாக்கியைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, இதன் மேல் இவ்வளவுதான் தர முடியும் என்று அடகுக்கு விலை சொல்கிறான்.

தமிழில் சொல்லிக்கொண்டிருந்த மாணவி இந்த இடத்தில் வாயைத் திறக்கவே இல்லை. திறக்கும் முன்பே மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வெடித்துவிட்டது. தாலிக்கொடியையும் தோட்டையும் தூக்கிக்கொண்டு கவுன்டர் முன்னால் நின்றவர்கள் அவர்கள். தராசைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்த்து எடை போடும் அந்தக் குமாஸ்தா முகம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. “அதே மூஞ்சிடி” என்று ஒரு அக்கா சொன்னது மைக்கிலேயே கேட்டது.

அடுத்த சில நிமிஷங்களில் சிரிப்பு நின்றுபோனது. அவமானப்பட்டு வெளியே வரும் கோசிமோ, தெருவில் ஒரு பெண்ணின் கைப்பையைப் பறிக்கப் பார்க்கிறான். தடுமாறி டிராம் வண்டியில் அடிபட்டுச் சாகிறான். சிரிப்புப் படத்தில் பாதியில் ஒருவனைச் சாகடிப்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. மோனிசெல்லி துணிந்து செய்தார். படம் தன்பாட்டுக்கு மேலே போகிறது, மறுபடி சிரிக்கவும் வைக்கிறது. ஆனால் போட்டியிட்ட இரண்டு பேரில் ஒருவன் ஒரு கைப்பைக்காகச் செத்துவிட்டான் என்பது அடியில் இருந்துகொண்டே இருக்கிறது.

ரோமும் வேலை தேடி வந்தவர்களும்

இந்தப் படத்துக்குப் பத்து வருஷம் முன்பு, 1948-ல், அதே ரோம் நகரத்தில் வித்தோரியோ டி சிக்கா எடுத்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தைப் பற்றி மாணவர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். போஸ்டர் ஒட்டும் வேலை கிடைத்த ஒருவனின் சைக்கிள் திருட்டுப் போகிறது. தேடித் தேடிச் சலித்து, மகன் கண் முன்னாலேயே அவனும் ஒரு சைக்கிளைத் திருடி மாட்டிக்கொள்கிறான். அந்தப் படத்துக்கும் இந்தப் படத்துக்கும் திரைக்கதையில் பங்கு கொண்ட ஒருவர் பொதுவாக இருக்கிறார். சூசோ சேச்சி டி அமிக்கோ என்ற பெண் எழுத்தாளர். ஒரே ஊரின் ஒரே பசியை ஒரு முறை கண்ணீராகவும் இன்னொரு முறை சிரிப்பாகவும் எழுதியவர் அவர். நம்மைக் கேட்டால் இரண்டாவதுதான் எழுதக் கஷ்டமானது.

1955-ல் வந்த ‘ரிஃபிஃபி’ என்ற பிரெஞ்சுப் படத்தைக் கிண்டல் செய்யத்தான் மோனிசெல்லி கிளம்பினார். அதில் திருடர்கள் விஞ்ஞானிகளைப் போல வேலை செய்வார்கள், அரை மணி நேரம் பேச்சே இல்லாமல் கொள்ளை நடக்கும். இவருடைய திருடர்களுக்கு அந்தத் திறமை எங்கிருந்து வரும்? போர் முடிந்து பத்துப் பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. வடக்கே தொழிற்சாலைகள் எழுந்துகொண்டிருந்தன. தெற்கிலிருந்து நிலமில்லாத ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நகரங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை வடக்கத்தியர் ‘தெர்ரோனே’ என்று ஏசுவார்கள். மண் என்ற சொல்லிலிருந்து வந்த வசவு அது. மண்ணில் உழைத்தவனை மண்ணைச் சொல்லியே திட்டும் பழக்கம் அங்கேயும் இருக்கிறது.

இந்த இடத்தில் படத்தோடு நமக்கு ஒரு சண்டையும் உண்டு. சிசிலிக்காரன் மிக்கேலே தன் தங்கை கார்மெலினாவை வீட்டுக்குள் பூட்டியே வைத்திருக்கிறான். வெளியே எட்டிப் பார்க்கவும் விடமாட்டான். கிளாடியா கார்டினேல் என்ற நடிகைக்குப் பேர் வாங்கித் தந்த ஆரம்ப வேஷங்களில் இதுவும் ஒன்று. தெற்கத்தியர் என்றால் இப்படித்தான், தங்கை மானத்தைக் கட்டிக் காப்பவர்கள் என்று வடக்கத்தியர் சிரிப்பதற்கு வசதியாக இதைச் செய்திருக்கிறார்கள். மிக்கேலேயாக நடித்த திபேரியோ முர்ஜியா சிசிலிக்காரரே அல்ல, சார்டினியாத் தீவுக்காரர். ரோமில் ஓர் உணவகத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவரை, முகம் பொருத்தமாக இருக்கிறது என்று பிடித்துவந்து நடிக்கவைத்தார்கள். குரல்கூட அவருடையது இல்லை. முகம் மட்டும் போதும், ஊரும் குரலும் நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்கிற இந்தச் சினிமா வழக்கம் நமக்கும் பழக்கமானதுதான்.

மாரியோ அந்தப் பெண்ணைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறான். அவளுக்காகத் திருட்டை விட்டுவிட்டு நேர்வழியில் சம்பாதிக்கப் போகிறான். படத்தில் அது இனிமையாக முடிகிறது. பூட்டைப் பார்த்து எங்கள் தெருவில் பையன்கள் சிரித்தார்கள். பெண்பிள்ளைகள் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. எந்தச் சாதிப் பையன் எந்தத் தெருப் பெண்ணைப் பார்த்தான் என்பதற்கு இங்கே என்னென்ன நடக்கும் என்று அந்தக் கூட்டத்தில் தெரியாதவர் இல்லை.

நூறு மாரியோ

ஆரம்பத்தில் வரும் ஒரு காட்சியை வேண்டுமென்றே தள்ளிவைத்தோம்.

செம்மறி தேடிக் கிளம்பும் கப்பனெல்லே கிழவன் ஓர் ஏழைக் குடியிருப்புக்கு வருகிறான். விளையாடிக்கொண்டிருக்கும் சிறுவனிடம், மாரியோ என்று ஒருவன் இருக்கிறானே, தெரியுமா என்று கேட்கிறான். இங்கே மாரியோ என்ற பேரில் நூறு பேர் இருக்கிறார்களே என்கிறான் சிறுவன். நான் கேட்பது திருடுகிற மாரியோ என்று கிழவன் விவரம் சொல்கிறான். சிறுவன் யோசிக்கவே இல்லை. அப்பவும் நூறு பேர்தான் என்கிறான்.

இத்தாலியில் இன்றைக்கும் ஜனங்கள் சொல்லிச் சிரிக்கும் வசனம் இது. எங்கள் தெருவில் பிள்ளைகள் சிரித்தார்கள், மாணவர்கள் சிரித்தார்கள். பெரியவர்கள் வரிசையில் ஒரு விநாடி சத்தம் இல்லை. பிறகு ஒரு தாத்தா, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதுபோல, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “எங்க வயசுல ஜீப்பு சத்தம் கேட்டாப் போதும்பா. எவன் பேரு என்னான்னு எவன் கேட்டான்? தெருவுல ஆம்பளைன்னு ஒருத்தன் இருக்கமாட்டான், எல்லாம் கரும்புக் கொல்லைக்குள்ளதான்.”

ரோமில் ஒரு சிறுவன் வேடிக்கையாகச் சொன்னதை நம் நாட்டில் ஓர் அரசாங்கம் சட்டமாகவே எழுதிவைத்தது. 1871-ல் ஆங்கிலேயர் குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். முதலில் வடக்கே. 1911-ல் சட்டத்தைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஒருவன் திருடினானா என்பது கேள்வியே இல்லை, எந்தச் சாதியில் பிறந்தான் என்பதே போதும். பேரைப் பதிந்து, கைரேகை எடுத்து, வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்கவைத்து, ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்கவைத்தார்கள். ஜனங்கள் அதற்கு ‘ரேகைச் சட்டம்’ என்றே பெயர் வைத்தார்கள். குறவர்கள் அதில் இருந்தார்கள். இன்னும் எத்தனையோ சாதிகள் இருந்தன. ரேகை வைக்க மறுத்து மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இன்று பல ஊர்களில் நம் தெருப் பக்கம் கையை நீட்டிப் பேசுகிறவர்களின் தாத்தாக்களும் அதே ரேகையை வைத்தவர்கள்தான். குத்திக் காட்ட இதைச் சொல்லவில்லை. அவர்கள் பிள்ளைகளும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள், தெரிந்துகொள்ளட்டும்.

சென்னை மாகாணத்தில் 1947-ல் அந்தச் சட்டம் போனது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-ல் போனது. அதன் இடத்தில் ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்ற பெயரில் வேறு சட்டங்கள் வந்தன. இத்தாலியப் பத்திரிகையின் அந்த ‘வழக்கமான’ என்ற சொல் இங்கே சட்டப் புத்தகத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

நமது கடலூர் மாவட்டத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 1993-ல் முதனை கிராமத்துக் குறவர் ராஜாக்கண்ணு திருட்டுப் புகாரில் பிடித்துச் செல்லப்பட்டுப் போலீஸ் காவலில் செத்தார். அவர் மனைவி பார்வதி விடாமல் நடத்திய போராட்டத்தில், அப்போது வழக்கறிஞராக இருந்த சந்துரு துணை நின்றார். அந்த வழக்கின் கதைதான் 2021-ல் ‘ஜெய் பீம்’ படமாக வந்தது, குறவர் என்பதை இருளர் என்று மாற்றிக்கொண்டு. படம் வந்த பிறகுதான் பல இளைஞர்களுக்கு இது நம் மாவட்டத்துக் கதை என்றே தெரிந்தது.

சட்டம் படிக்கும் மாணவர்கள் ஒரு தீர்ப்பைத் தேடிப் படிக்க வேண்டும். 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளைச் செல்லாது என்றது. கூட்டுவதும் கழுவுவதும் இன்ன சாதிக்கு, சமைப்பது இன்ன சாதிக்கு என்று சிறைக் கையேடுகளிலேயே எழுதிவைத்திருந்தார்கள். சீர்மரபினரைப் பிறவியிலேயே ‘வழக்கமான குற்றவாளி’களாகப் பார்க்கும் விதிகளையும் அந்தத் தீர்ப்பு விடவில்லை. அவர்களைக் கண்டபடி கைது செய்யக்கூடாது என்று போலீசாருக்கும் சொல்லியிருக்கிறது. குற்றப்பரம்பரைச் சட்டம் போய் 72 வருஷம் கழித்து இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

நம் சினிமாச் சிரிப்புக்கும் இதில் பங்குண்டு. தமிழ்ப் படத்தில் சில்லறைத் திருடன் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? கட்டம் போட்ட லுங்கி, கோடு போட்ட பனியன், கன்னத்தில் மரு, நிறம் கறுப்பு. பேர் மட்டும் வேண்டும், ஊர் வேண்டாம், வீடு வேண்டாம், குழந்தை வேண்டாம். பேரும் பெரும்பாலும் நம் தெருக்களில் புழங்கும் பேர். 2016-ல் பா.ரஞ்சித் தன் கதாநாயகனுக்குக் ‘கபாலி’ என்று பேர் வைத்து, பழைய படங்களில் முதலாளி கூப்பிட்டதும் ஓடிவந்து நிற்கும் அந்த அடியாள் கபாலி நான் இல்லை என்று அவன் வாயாலேயே சொல்லவைத்தபோது தியேட்டர்களில் எழுந்த விசில் சத்தம் ரஜினிகாந்துக்காக மட்டும் எழுந்தது இல்லை. இந்த ஊரிலும் நூறு கபாலி உண்டு. கொத்தனாரும் உண்டு, பஸ் கண்டக்டரும் உண்டு, ஆசிரியரும் உண்டு.

மோனிசெல்லியின் திருடர்களைப் பார்த்து நாம் சிரிக்கும்போது உறுத்தாமல் இருப்பது ஏன் என்றும் யோசித்தோம். அவர்கள் ஒவ்வொருவனுக்கும் வீடு இருக்கிறது, வீட்டில் ஒரு கஷ்டம் இருக்கிறது. அந்தக் கஷ்டத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. சாமர்த்தியசாலி என்று அவன் தன்னை நினைத்துக்கொள்வதைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். நூறு மாரியோ என்று ஆரம்பிக்கிற படம், அந்த நூறிலிருந்து ஒரு மாரியோவைத் தனியே எடுத்து, அவனுக்கு மூன்று அம்மாவும் ஒரு காதலியும் கொடுத்துவிடுகிறது.

கடைசியில் என்ன ஆயிற்று?

காலியாக இருந்த வீட்டில் இப்போது ஆள் இருக்கிறார்கள். கல்யாணமாகாத வயதான பெண்கள் இரண்டு பேர். அங்கே நிக்கொலெத்தா என்ற பெண் வீட்டு வேலை செய்கிறாள். பெப்பே அவளிடம் காதல் பேசி, எஜமானிகள் வாரத்தில் ஒரு நாள் வெளியே போவார்கள் என்று தெரிந்துகொள்கிறான். மைக் பிடித்த மாணவி இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நாளைக்குத் திருட்டுப் போச்சின்னா மொதல்ல இவ பையத்தான் தொறந்து பாப்பாங்க” என்று சொன்னாள். அது படத்தில் இல்லாத வசனம். ஆனால் பாண்டிச்சேரிக்கும் நெய்வேலிக்கும் வீட்டு வேலைக்குப் போய்வரும் பெண்கள் நாலு பேராவது அன்று முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் தலையை ஆட்டினார்கள்.

குறித்த இரவு வருகிறது. மாரியோ விலகிவிட்டான். திபேரியோ குழந்தையைக் கொண்டுபோய்ச் சிறையில் இருக்கும் அதன் தாயிடமே விட்டுவிட்டு வருகிறான். நாலு பேர் கண்ணாடிக் கூரை மேல் ஊர்ந்து, எப்படியோ வீட்டுக்குள் இறங்கி, சுவரை அளந்து, இடிக்க ஆரம்பிக்கிறார்கள். நன்றாக இடிகிறது. கொத்தனார் சொன்னது சரிதான், லேசான சுவர். ஓட்டை பெரிதாகிறது. எட்டிப் பார்த்தால் எதிரே அடுப்பு. கிழவிகள் சாமான்களை இடம் மாற்றிவைத்துவிட்டார்கள். இவர்கள் இடித்தது அதே வீட்டின் சாப்பாட்டு அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவர்.

இனி இன்னொரு சுவரை இடிக்க நேரம் இல்லை. உட்கார்ந்துவிடுகிறார்கள். சமையலறையில் பாஸ்தாவும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைத்தது மிச்சம் இருக்கிறது. நம் ஊர்ச் சேமியாவுக்குச் சித்தப்பா மாதிரி ஒன்றில் சுண்டல் கடலையைப் போட்ட ஏழை வீட்டுச் சாப்பாடு. தட்டை எடுத்துவைத்துச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே, இது நல்லாயிருக்கு, அது நல்லாயிருக்கு என்று பேசுகிறார்கள். படத்தில் அவர்கள் எல்லாரும் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது இந்தச் சில நிமிஷங்கள்தான். அதுவும் நீடிக்கவில்லை, கிழவன் கப்பனெல்லே அடுப்பைப் பற்றவைக்கப் போய் அது வெடித்துவிடுகிறது.

விடியற்காலையில் கரி பூசிய முகத்தோடு ஆளுக்கொரு பக்கம் பிரிகிறார்கள். போலீஸ் கண்ணில் படாமல் இருக்க பெப்பே, வேலைக்காகக் கேட்டில் நிற்கும் கூலிக் கூட்டத்துக்குள் புகுந்துகொள்கிறான். கூட்டம் அவனையும் சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போகிறது. அங்கே போனால் உன்னை வேலை செய்யவைத்துவிடுவார்களே என்று கிழவன் வெளியே நின்று பதறுகிறான்.

கடைசியாக ஒரு பத்திரிகைச் செய்தி வருகிறது. அதை எப்படித் தமிழில் சொல்வது என்று அந்த மாணவி முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாள் போலும். குரலை மாற்றிக்கொண்டு, ரேடியோவில் மாவட்டச் செய்தி வாசிப்பவர் மாதிரி வாசித்தாள்: “ரோம் நகரில் பூட்டியிருந்த வீட்டின் சுவரைத் துளையிட்டு உள்ளே புகுந்த மர்ம நபர்கள், சமையலறையில் இருந்த பாஸ்தாவையும் கொண்டைக்கடலையையும் தின்றுவிட்டுத் தப்பியோடினர். போலீசார் தேடி வருகின்றனர்.”

சிரிப்பு அடங்கி, பையன்கள் வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, அடகுக்கடைக் காட்சியில் சத்தம் போட்டுச் சிரித்த அந்த அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. மாணவியைக் கூப்பிட்டு, “ஏம்மா, அந்தக் கைக்கொழந்த என்னாச்சி? அத்த சொல்லலியே நீ” என்று கேட்டாள்.

“அம்மாகிட்ட இருக்குதுக்கா.”

“அவ ஜெயில்லதான இருக்கா?”

“ஆமாங்கா. ஜெயில்லதான்.”